தறியை நிறுத்தியது யார்? சூலூர்ப் பக்கம் ஒரு பயணம்

சூலூர் வழியாகப் பல்லடம் செல்லும் பேருந்து காந்திபுரத்திலிருந்து காலை ஆறரைக்குப் புறப்பட்டது. சூலூருக்கு டிக்கெட் ஆளுக்கு நான்கு ரூபாய். தூரம் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வழக்கமாக இந்த வண்டியில் நிற்கவும் இடம் இருக்காது. அன்று எங்கள் மூன்று பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. காரணம் கேட்டதற்கு, தறி ஓடாத ஊருக்கு எவன் வருவான் என்றார் நடத்துனர். மூன்று வாரமாகச் சூலூர்ப் பக்கத்து விசைத்தறிகள் நின்று கிடந்தன. நாங்கள் போனதே அதைப் பார்க்கத்தான்.

மூன்று பேர் என்றால் ஹெல்கா, மோரி, நான். ஹெல்கா ஜெர்மனியில் ஓர் எந்திரத் தொழிற்சாலையில் லேத் ஓட்டத் தொடங்கி, இப்போது அங்கே தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் அவையில் உறுப்பினராக இருப்பவர். மோரி ஜப்பானில் ஒசாகா பக்கம் ஒரு நூற்பாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் படித்த கல்லூரியில் தொழிலுறவு பற்றி நடந்த கருத்தரங்குக்கு இருவரும் வந்திருந்தார்கள். முடிந்ததும் கொங்கு நாட்டுத் தொழில்களை நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்கிறார்கள். தொழிலுறவில் முதுகலை முடித்த எனக்கு இந்த வேலை வராமல் வேறு யாருக்கு வரும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். எங்களுக்குப் பொது மொழி ஆங்கிலம். மூவருக்குமே அது அடுத்த வீட்டு மொழி என்பதால் நிதானமாகப் பேசிக்கொண்டோம். ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகப் புரிந்தது.

முந்தின நாள் கோவையில் ஒரு நூற்பாலைக்குப் போயிருந்தோம். வாசலில் வரிசையாக நட்டிருந்த சங்கக் கொடிகளைப் பார்த்து ஹெல்கா நின்றுவிட்டார். ஓர் ஆலைக்கு எதற்கு இத்தனை சங்கம் என்பது அவர் கேள்வி. அவர் நாட்டில் ஒரு தொழில் முழுவதற்கும் சேர்த்து ஒரு பெரிய சங்கம். முதலாளிகளின் சங்கத்தோடு உட்கார்ந்து ஒரு வட்டாரத்துக்கே ஒப்பந்தம் போட்டுவிடுவார்கள். ஆலைக்குள்ளே ஹெல்கா இருக்கும் அவை தனி. ஆள் எடுப்பதும் ஷிப்ட் மாற்றுவதும் அதைக் கேட்டுத்தான் நடக்கும். ஆனால் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை அந்த அவைக்கு இல்லை. அது சங்கத்துக்கு மட்டும்தான்.

மோரியின் நாட்டில் கம்பெனிக்கு ஒரு சங்கம். வசந்தம் வந்ததும் எல்லாச் சங்கங்களும் ஒரே சமயத்தில் கூலி உயர்வு கேட்கும். பெரிய கம்பெனிகள் முதலில் தீர்த்துக்கொள்ளும். அதைப் பார்த்துச் சின்னக் கம்பெனிகள் தீர்த்துக்கொள்ளும். சங்கத்தில் தலைவராக இருந்தவர் பின்னால் அதே கம்பெனியில் மேலாளர் ஆவதும் உண்டு. மோரியே அப்படி வந்தவர்தான். எங்கள் ஆலை வாசலில் ஒருவர் அப்படிச் செய்தால் அவரை என்ன சொல்லுவார்கள் என்பதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பேருந்தில் இருவரும் தங்கள் ஊரும் மாறிக்கொண்டு வருவதைச் சொன்னார்கள். கிழக்கு ஜெர்மனி சேர்ந்த பிறகு அங்கே பல கம்பெனிகள் முதலாளிகள் சங்கத்தில் சேருவதே இல்லையாம். சேராவிட்டால் ஒப்பந்தம் அவர்களைக் கட்டாது. மேற்கில் சேர்ந்திருந்தவர்களும் விலகப் பார்க்கிறார்கள். ஜப்பானிலோ, வேலையில் சேர்ந்தால் ஓய்வு பெறும்வரை அதே கம்பெனி என்ற நம்பிக்கை பெரிய கம்பெனிகளிலேயே தளர்ந்துவிட்டதாம். மோரி இதைச் சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒண்டிப்புதூர் தாண்டிக்கொண்டிருந்தோம்.

சூலூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துத் தெற்கே ஆறேழு கிலோமீட்டர் போனோம். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அங்கே இருக்கும் எல்லா ஊருக்கும் இதே கதைதான். விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று தலைக்கு மேல் போனது. அது போன பிறகு கேட்பதற்கு ஒன்றும் இல்லை. தறி ஊரில் இறங்கினால் வீட்டுக்கு வீடு தடதடவென்று காதை அடைக்க வேண்டும். அன்று கோழி கொத்துவது கேட்டது.

எங்களுக்காக நிறுத்தத்தில் காத்திருந்தவர் சுப்பிரமணி. எட்டுத் தறிக்காரர். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். விருந்தாளிகளை வணங்கிவிட்டு என்னிடம், "ஏனுங்க அம்மணி, நீங்க எந்த ஊருங்க? யாரு ஊட்டுப் புள்ள?" என்றார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஊர்ப் பெயர் மட்டும் பதில் ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

"உடுமலைப் பக்கமுங்க. எம்.ஏ. படிச்சிருக்கேன்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

வீட்டை ஒட்டியே நீளமான ஓட்டுக் கட்டடம்; தறிக் குடோன் என்கிறார்கள். உள்ளே எட்டுத் தறிகளும் துணி பாதியில் நிற்க ஓய்ந்திருந்தன. சுப்பிரமணி தொழிலின் நடைமுறையை விளக்கினார். கோவையிலும் சோமனூரிலும் இருக்கும் ஜவுளி வியாபாரிகள் தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவும் குறுக்கே ஓடும் நூலும் கொடுப்பார்கள். இவர் துணியாக்கித் திருப்பிக் கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். நூல் அவர்களுடையது, துணியும் அவர்களுடையது. தறியும் கரண்டு பில்லும் இவருடையது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பேசிக் கூலி ஏற்ற வேண்டும். இந்த முறை வியாபாரிகள் பேச்சுக்கே வராததால் சுற்று வட்டாரத்துத் தறிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து தறியை நிறுத்திவிட்டார்கள்.

"நானும் ஒரு தொழிலாளிதானுங்க" என்றார் சுப்பிரமணி. "அவிங்க குடுக்கற கூலியில பொளைக்கிறவன். அதான் ஸ்ட்ரைக் பண்றோம்."

இதை நான் சொன்னதும் ஹெல்கா எட்டுத் தறிகளையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இந்த எட்டையும் இவர் ஒருவரே ஓட்டுகிறாரா என்று கேட்டார். இல்லை, பகலுக்கு இரண்டு பேர், ராத்திரிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அவர்களும் வேலைநிறுத்தம் செய்கிறார்களா என்று அடுத்துக் கேட்டார். சுப்பிரமணிக்குக் கேள்வி புரியவில்லை. தறியே ஓடாதபோது அவர்கள் என்ன செய்ய முடியும் என்றார்.

அவர் மனைவி சரோஜா காபி கொண்டுவந்தார். குடோனின் மூலையில் ஒரு சின்ன எந்திரம் இருந்தது. அது யாருடையது என்று மோரி கேட்டார். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாயும் நாடாவுக்குள் வைக்கிற நூல் கட்டைக்குத் தார் என்று பெயர். அந்தத் தாரைச் சுற்றும் எந்திரம் அது. ஒரு தார் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். உடனே அடுத்தது கையில் இருக்க வேண்டும்.

"நான் வேலைக்கெல்லாம் போறதில்லீங்க, ஊட்லதான் இருக்கேன்" என்றார் சரோஜா. "தார் மட்டும் சுத்துவேன்."

எவ்வளவு நேரம் என்று மோரி கேட்கச் சொன்னார். தறி ஓடும் நேரமெல்லாம் என்று சொல்லிச் சரோஜா சிரித்தார்.

பத்து மணிக்கு ருக்மணி வந்தாள். அந்தக் குடோனில் பகலில் நான்கு தறி ஓட்டுபவள். என் வயதுதான் இருக்கும். மூன்று வாரமாகச் சூலூரில் கட்டட வேலைக்குச் செங்கல் சுமக்கப் போய்க்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் சூலூரில் பேச்சுவார்த்தை. அது முடிந்துவிடுமா என்று சுப்பிரமணியிடம் கேட்கத்தான் வந்திருந்தாள். ஹெல்கா அவளை உட்காரச் சொன்னார். அவள் தறியின் மேல் ஒரு கையை ஊன்றி நின்றபடியே பேசினாள்.

"எங்களுக்கு ஸ்ட்ரைக்கும் தெரியாதுங்க, ஒண்ணும் தெரியாதுங்க. காலைல வேலைக்கு வந்தோம், குடோன் பூட்டியிருந்துச்சு."

போன ஒப்பந்தத்தில் தறிக்காரர்களுக்குக் கூலி ஏறியபோது உனக்கு எவ்வளவு ஏறியது என்று ஹெல்கா கேட்டார்.

"அண்ணனுக்குக் கூலி ஏறுச்சுங்க. எனக்குத் தீவாளிக்கு ஒரு சீலை வந்துச்சுங்க. அதுவும் சாயம் போயிருச்சு."

"சாயம் போனா அதுக்கு நானா கண்ணு? கடைக்காரனப் போய்க் கேளு" என்றார் சுப்பிரமணி. ருக்மணியும் சிரித்துவிட்டாள். அவள் தன் வீட்டுப் பெண் மாதிரி, அவளுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளலாம் என்று எங்களிடம் சொன்னார். பொய்யாகச் சொல்லவில்லை. ருக்மணியின் மகளை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குத் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனவரே அவர்தான் என்று அவளே சொன்னாள். ஆனால் இந்த முறையும் மீட்டருக்கு அவள் கூலி ஏறாவிட்டால் புருஷன் திருப்பூருக்குப் போய்விடலாம் என்கிறான். பனியன் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது. அங்கே போனால் ஒற்றை அறையில் இருக்க வேண்டும். நன்றாகப் படிக்கிற மகளை வருடத்தின் நடுவில் பள்ளியைவிட்டு நிறுத்த வேண்டும். அதைச் சொல்லும்போது மட்டும் ருக்மணி சுப்பிரமணியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

சாப்பாட்டுக்கு முன் கிணற்றோரம் உட்கார்ந்து ஹெல்காவும் மோரியும் ஒரு மணி நேரம் வாதாடினார்கள். தறியை நிறுத்தியிருப்பது வேலைநிறுத்தமா, கதவடைப்பா? வியாபாரியைப் பார்த்துச் சுப்பிரமணி நிறுத்தினால் அது வேலைநிறுத்தம். அதே பூட்டை ருக்மணி நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் கதவடைப்பு. ஜெர்மனியில் சங்க உறுப்பினர் எதில் மாட்டினாலும் சங்கம் பணம் கொடுக்கும் என்றார் ஹெல்கா. ஆனால் வேறு ஊர் வேலைநிறுத்தத்தால் சாமான் வராமல் நம் ஆலை நின்றுபோனால், அரசு கொடுத்துவந்த உதவியை எண்பதுகளில் சட்டம் போட்டுக் குறைத்துவிட்டார்களாம். அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். "நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு எங்கள் ஊரிலும் சரியான பெயர் கிடையாது" என்றார்.

மோரிக்குச் சுப்பிரமணி புதிய ஆள் இல்லை. ஜப்பானில் ஒரு பெரிய கம்பெனிக்குக் கீழே சின்னப் பட்டறை, அதற்குக் கீழே அதைவிடச் சின்னப் பட்டறை என்று படி படியாக இருக்கும். மேலே ஏறிய கூலி கீழே வர வர இளைத்துக்கொண்டே போகும். கடைசிப் படியில் பட்டறைக்காரரும் ஒரே ஒரு தொழிலாளியும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அங்கேயும் நாம் ஒரே குடும்பம் என்றுதான் சொல்வார்களாம். அவர் ஆலை கொடுத்த வேலையும் அப்படித்தான் இறங்கிப் போயிருக்கிறது. கடைசிப் படியை அவர் பார்த்ததில்லை. சுப்பிரமணியின் வீட்டில் கொள்ளுப் பருப்பும் தயிருமாகச் சாப்பிடும்போது, இன்று பார்க்கிறேன் என்றார்.

மத்தியானம் மூன்று மணிக்குச் சூலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பேச்சு தொடங்கியது. நடுவில் தொழிலாளர் துறை அதிகாரி. அவருக்கு இடப்பக்கம் வியாபாரிகள், வலப்பக்கம் தறிக்காரர்கள். விருந்தாளிகளுக்கும் எனக்கும் அதிகாரியின் அருகில் நாற்காலி போட்டு, ஆளுக்கொரு சால்வை போர்த்தினார்கள். தறி ஓட்டுகிறவர்களையும் தறிக்காரர்கள் லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள். எதிரே இருப்பவர்களுக்குக் கூட்டம் காட்ட அவர்கள் வேண்டும். மண்டபத்துக்குள் வர வேண்டியதில்லை. அவர்கள் வெளியே ஜன்னல்களை ஒட்டி நின்றார்கள். ஒரு ஜன்னலில் ருக்மணி இருந்தாள்.

இரண்டு மணி நேரம் நூல் விலை, கரண்டு விலை, பழைய கோபம் எல்லாம் பேசினார்கள். அதிகாரி பொறுமையானவர். யாராவது எழுந்தால் அவர் டீ வரவழைத்தார். கடைசியில் நூற்றுக்கு எட்டு உயர்த்துவது என்று முடிவாயிற்று. டைப் அடிக்க ஆள் போனான். அந்த இடைவெளியில், வெளிநாட்டு விருந்தினர்கள் இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசலாமே என்றார் அதிகாரி.

மோரி எழுந்து வணங்கி நன்றி சொன்னார். ஹெல்கா உட்கார்ந்தபடியே ஒரு கேள்வி கேட்டார்: இந்த எட்டில் தறி ஓட்டுகிறவருக்கு எவ்வளவு?

அதிகாரிக்கு ஆங்கிலம் தெரியும். குனிந்து என்னிடம், "அதை விட்டுருங்கம்மா, இப்பத்தான் ரெண்டு பேரும் வழிக்கு வந்திருக்காங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஹெல்கா கேட்டதை அவர்களுக்குச் சொல்லத்தான் நான் வந்திருந்தேன். எழுந்து நின்று, ஜன்னல்வரை கேட்கும் குரலில் தமிழில் சொன்னேன்.

வியாபாரிகள் பக்கம் முன்வரிசையில் இருந்த ஒருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"நல்லாக் கேட்டீங்க அம்மணி. நாங்களும் அதைத்தான் கேக்கறோம். தறி ஓட்டறவனுக்குப் போகாத காசை நாங்க எதுக்கு ஏத்தித் தரணும்? நாலு போதுமே?"

நான் எதிர்பார்த்தது இதுவல்ல. ஹெல்காவும் எதிர்பார்க்கவில்லை. நான் அவருக்குச் சொன்னபோது முகம் சிவந்துவிட்டது. தறிக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான்கு பேர் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்கள். ஜன்னலில் நின்றவர்களுக்கு இன்னும் மூன்று வாரம் செங்கல் சுமக்கப்போவது தெரிந்துபோயிற்று.

அப்போது சுப்பிரமணி எழுந்தார். தன் வீட்டு நடப்பைப் பற்றி ஒரு வியாபாரி ஊர்க்காரர்கள் பார்க்கப் பேசியதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"எங்க ஆளுகளுக்கு நாங்க குடுப்போமுங்க. ஏறினதுல சரிபாதி குடுப்போம். நீங்க உங்க வேலையப் பாருங்க."

பக்கத்தில் இருந்த தறிக்காரர்கள் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். ஆனால் வியாபாரிகளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அதெல்லாம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்தார்கள். எட்டு எட்டாகவே நின்றது. இந்தப் பாதியையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும் என்று ஹெல்கா கேட்டார். அதிகாரி கையை விரித்தார். ஒப்பந்தம் வியாபாரிக்கும் தறிக்காரருக்கும். ஜன்னலுக்கு வெளியே இருப்பவர்கள் இதில் ஒரு தரப்பே இல்லை. தரப்பு இல்லாதவரைப் பற்றி எப்படி எழுதுவது? சட்டப்படி அவர் சொன்னது சரிதான்.

மண்டபத்தைவிட்டு வரும்போது சுப்பிரமணி என்னோடு பேசவில்லை. மோரி அவரிடம் பாதியைப் பற்றிக் கேட்கச் சொன்னதால் கேட்டேன். "அது அவனுக வாயடைக்கறதுக்குச் சொன்னதுங்க" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார்.

நாங்கள் சூலூரிலேயே லாட்ஜில் தங்கினோம். அறை நூற்றிருபது ரூபாய், இரண்டு அறை. காகிதத்தில் இல்லாதது காற்றோடு போயிற்று என்று ஹெல்கா முடிவுகட்டிவிட்டார். ஊரே கேட்கும்படி சுப்பிரமணி சொல்லியிருக்கிறாரே என்றார் மோரி. என்னைக் கேட்டார்கள். இரண்டு நாட்டுப் பாடமும் படித்திருக்கிறேன், பரீட்சையில் நிறைய எழுதியிருக்கிறேன். இந்த ஊருக்கு எது பொருந்தும் என்று அன்று சாயங்காலம் என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் திட்டப்படி காங்கேயம் போய் எண்ணெய் ஆலைகளைப் பார்க்க வேண்டும். போகிற வழியில் தறிகள் ஓடத் தொடங்குவதைப் படம் எடுக்க வேண்டும் என்றார் ஹெல்கா. ஏழு மணிக்கு அந்த ஊரில் இறங்கினோம். முந்தின நாள் பார்த்த ஊரா என்று சந்தேகமாக இருந்தது. தெரு முழுவதும் தடதடவென்று அதிர்ந்தது. நாங்கள் ஒருவர் காதருகே ஒருவர் வாய் வைத்துப் பேச வேண்டியிருந்தது.

சுப்பிரமணியின் குடோனில் மட்டும் சத்தம் இல்லை. கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் ருக்மணியும் மற்ற மூவரும் நின்றார்கள். நேற்று மண்டபத்தில் சொன்னதை இங்கே ஒருமுறை சொல்ல வேண்டும், சொன்னால் உள்ளே போகிறோம் என்று அவள் கேட்டிருக்கிறாள். சுப்பிரமணி சொல்லவில்லை.

"அவிங்ககிட்டச் சொன்னதை எங்ககிட்டச் சொல்லச் சொல்றோமுங்க. அவ்வளவுதான்" என்றாள் ருக்மணி. குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவள் கையைக் கட்டியிருந்த விதத்தில், இன்று விட்டுக்கொடுத்தால் அடுத்த வாரம் திருப்பூர் என்று அவளுக்குத் தெரிந்திருப்பது எனக்குத் தெரிந்தது.

அடுத்து நடந்ததை எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. சுப்பிரமணி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தானே உள்ளே போய் நான்கு தறிகளை ஓட்டத் தொடங்கினார். பதினைந்து வயதில் கூலிக்குத் தறி ஓட்டத் தொடங்கியவர், கை மறக்கவில்லை. நாடா மாற்றுவதும் அறுந்த இழையை முடிவதும் பார்க்க அழகாக இருந்தது. வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளி வெளியாள் கொண்டுவருவது இரண்டு விருந்தாளிகளுக்கும் தெரியும். முதலாளியே அந்த வெளியாளாக மாறியதை அவர்கள் பார்த்ததில்லை. தொழிலாளி என்று நேற்று சொன்னதற்கு இன்று சாட்சி காட்டுகிறார் என்றார் மோரி.

"அண்ணே, மூணாந் தறியில அச்சு கொஞ்சம் இழுக்கும், பாத்து ஓட்டுங்க" என்று மரத்தடியிலிருந்து ருக்மணி கத்தினாள். மற்ற மூவரும் சிரித்தார்கள். சுப்பிரமணி திரும்பவில்லை.

அரை மணி நேரத்துக்குள் பெட்டியில் இருந்த தார்கள் தீர்ந்தன. ஒரு தறி நின்றது. அடுத்தது நின்றது. அவர் மூலையில் இருந்த எந்திரத்தைப் பார்த்தார். அதன் முன்னால் யாரும் இல்லை.

சரோஜா வீட்டுப் படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"தார் எங்க?" என்றார் சுப்பிரமணி கதவருகே வந்து.

"கடையில விக்குமுங்க. வாங்கிட்டு வாங்க."

"ஆளுக பாக்கறாங்க, வெளையாடாத. வா."

"பன்னண்டு வருசமாச் சுத்தறனுங்க. ஒரு தாருக்கு எத்தனை பைசான்னு இன்னைக்கு வரைக்கும் நீங்க சொல்லலீங்களே."

சுப்பிரமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கு எதுக்கு? எல்லாம் உன்ற காசுதான?"

சரோஜா வெங்காயத்தைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"அப்படீன்னாப் பணப்பெட்டிச் சாவியக் குடுங்க."

நான் இதை மொழிபெயர்க்கவில்லை. ஹெல்காவும் கேட்கவில்லை, நீட்டிய கையைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருந்தது. சுப்பிரமணியின் கை இடுப்புவரை போய் அங்கேயே நின்றது. தெருவில் மற்றக் குடோன்கள் ஓடிக்கொண்டிருந்தன. பேருந்து வந்து போனதை நாங்கள் மூவரும் பார்த்தோம், யாரும் கிளம்பவில்லை.

கடைசியில் சாவியைக் கொடுக்காமலே அவர் மரத்தடிக்குப் போனார். சட்டை இல்லாமல், கழுத்தில் நூல் தூசியோடு நின்றார். "ஏறினதுல பாதி. மீட்டருக்குப் போட்டுத் தரேன், சனிக்கெழமைல இருந்து. போதுமா?" என்றார். போதும் என்றும் ருக்மணி சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. கையை அவிழ்த்தாள். "சனிக்கெழமை பாக்கறமுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். சரோஜாவும் எழுந்து எந்திரத்தின் முன் உட்கார்ந்தார். ருக்மணிக்காகத்தான் சுற்றுகிறேன், நம் பேச்சு பாக்கி இருக்கிறது என்று கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

எட்டுத் தறிகளும் ஓடத் தொடங்கியதும் ஹெல்கா படம் எடுத்தார். மரத்தடியில் நின்றவர்களைப் பற்றி இனி வாதாட ஒன்றும் இல்லை, இது வேலைநிறுத்தம்தான் என்று அவரும் மோரியும் ஒப்புக்கொண்டார்கள். படியில் வெங்காயம் உரித்தவரை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதில்தான் மறுபடியும் சிக்கல். ஹெல்காவின் அப்பா ரொட்டிக்கடை வைத்திருந்தவராம். கடைப்பையனுக்குக்கூட ஒப்பந்தக் கூலி உண்டு. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிய அம்மாவைப் பற்றி எந்தச் சங்கமும் பேசியதில்லை என்றார். என் அம்மாவின் ஞாபகம் எனக்கு வந்தது. தோப்பில் ஜோடிக் கூலி என்பார்கள். இரண்டு பேர் வேலைக்கும் சேர்த்துக் கூலி அப்பாவின் கையில்தான் விழும்.

காங்கேயம் போக நேரம் இல்லாமல் போயிற்று. மத்தியானம் கோவை திரும்பி, சாயங்காலம் இருவரையும் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டேன். சனிக்கிழமை அவர் கொடுப்பாரா என்று ரயில் கிளம்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்து எழுதுகிறேன் என்றேன்.

சனிக்கிழமை தனியாகப் போனேன். இந்த முறை வண்டியில் நின்றுகொண்டுதான் போக முடிந்தது. நான் போனபோது கூலி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சுப்பிரமணி வியாபாரியைப் பார்க்கச் சோமனூர் போயிருந்தார். கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சரோஜா. சாவி எப்போது எப்படிக் கைமாறியது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ருக்மணிக்குப் புதிய கணக்கில் கூலி வந்தது, சொன்ன பாதி ஏறியிருந்தது. அதன் பிறகு சரோஜா துணியை விரித்து, இழை விட்டுப்போன ஓர் இடத்தை விரலால் காட்டி, அதற்குக் கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். அண்ணன் இருந்தால் இதற்கெல்லாம் பிடித்ததே இல்லை என்று ருக்மணி வாதாடினாள். அண்ணனுக்குத் துணி பார்க்கத் தெரியாது என்றார் சரோஜா.

நிறுத்தம்வரை ருக்மணி என்னோடு நடந்து வந்தாள். திருப்பூர்ப் பேச்சு வீட்டில் நின்றுவிட்டது, மகள் பள்ளிக்குப் போகிறாள் என்றாள். பேருந்து தூரத்தில் தெரிந்தது.

"இனி அண்ணங்கிட்டச் சண்டை போட்டு ஆகறது ஒண்ணுமில்லீங்க" என்றாள். "அந்த அக்காகிட்டத்தான் போடணும். அது கஷ்டம்."

சொல்லிவிட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மிச்சமிருந்த ஷிப்டுக்குத் திரும்பிப் போனாள். நான் ஏறினேன். கோவைவரை டிக்கெட் ஐந்து ரூபாய் ஐம்பது பைசா.